மேகக் கணக்கு

ஹல் துறைமுகத்தில் மூன்று நாளாய் மழை.
மருத்துவமனையின் நிலவறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது.
பதிவேடுகள் பூசணம் பிடிக்குமுன்
கணினியில் ஏற்றிவிடு என்றார்கள்.
எண்கள் போதும்,
பெயர்கள் வேண்டாம்.

என் மொழியில் இந்த நோய்க்கு மேகம் என்று பேர்.
மேலே கறுத்துக் கிடப்பதற்கும் அதே பேர்தான்.
இங்கே யாரிடமும் சொன்னதில்லை,
சொன்னால் சிரித்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

1917. தோல் அட்டை, பக்கத்துக்குப் பக்கம் பாதரசம்.
மாலுமி. மாலுமி. கப்பலில் கரி அள்ளுபவன்.
மாலுமியின் மனைவி.
அவள் குழந்தை, வயது பதினோரு நாள்,
அதற்குமேல் வயது எழுதப்படவில்லை.
'எங்கே தொற்றியது' என்றொரு கட்டம்:
ரீகா, ஆன்ட்வெர்ப், மார்செய், தெரியாது, ரீகா.
ஒருவர்கூட ஹல் என்று எழுதவில்லை.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
பறங்கிப்புண் என்று பேர் வைத்த ஊர் எனது.
பறங்கியைத் தேடி இவ்வளவு தூரம் வந்தால்
அவனும் கடலுக்கு அப்பால்
கை காட்டிக்கொண்டு நிற்கிறான்.

1946க்கு ஒரு ஏடு போதவில்லை, இரண்டு.
போர் முடிந்து வீடு திரும்பியவர்களின் கையெழுத்து
எல்லாம் அவசரம்.
பிறகு பெனிசிலின்.
வாரத்துக்கு இருபது, ஏழு, இரண்டு.
1957 மே மாதம் ஒரு முழுப் பக்கம் காலி.
அதில் எழுத்தர் வாத்து வரைந்திருக்கிறார்,
பென்சிலில், ஏழு வாத்து, கடைசிக்குத் தொப்பி.
கீழே பொடியாக: ஈ. பிளெங்கின், வேலை இல்லை.
நிலவறையில் தனியே சிரித்தேன்.
மழை விட்டது என்று நினைத்திருப்பார் பாவம்.

1988லும் காலிப் பக்கங்கள்.
வாத்து இல்லை.
இந்த வாசலுக்கு வந்திருக்க வேண்டியவர்களில்
பாதிப்பேர் பயந்து படுக்கையைச் சுருட்டிவிட்டார்கள்.
மீதிப்பேரை வேறொரு நோய்
மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போய்த்
திருப்பி அனுப்பவில்லை.
திரையில் கோடு இரண்டு தடவையும்
ஒரே சாய்வில்தான் இறங்குகிறது.
கணினிக்குப் பூஜ்யம் என்றால் பூஜ்யம்.
'வாத்து: உண்டு / இல்லை' என்று
ஒரு கட்டம் சேர்க்கலாமா
என்று யோசித்தேன்.

அப்புறம் ஏறுகிறது.
2003, 2011, நேற்று.
இப்போது தோல் அட்டை இல்லை,
வரைபடத்தில் பழைய மலைக்கு எதிரே இன்னொரு மலை.

மதியத்துக்கு மேல் எனக்கு மாடியில் வேலை, தொலைபேசி.
"உங்களோடு இருந்த ஒருவர்
உங்களைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறார்."
யார்?
"சொல்லக்கூடாது."
எந்த ஊர்க்காரன், அதையாவது சொல்.

இன்று கீலி வந்தாள்.
இருபத்திரண்டு வயது, ஏழு மாதம்.
கர்ப்பத்தின் முதல் ரத்தத்தில் ஒன்றுமில்லை,
இரண்டாம் ரத்தத்தில் இருந்தது.
"இது பழங்காலத்து வியாதி இல்லையா?" என்றாள்,
யாரோ அவளுக்கு
செல்லாத காசைக் கொடுத்துவிட்டதைப் போல.
புரோனா குப்பியை உள்ளங்கையில் உருட்டிச்
சூடேற்றிக்கொண்டிருந்தாள்.
கூழ் மாதிரி மருந்து, இடுப்புக்குக் கீழ் பக்கத்துக்கு ஒன்று.
பிளெங்கினுக்கு ஓய்வு கொடுத்த அதே பெனிசிலின்.
இதே குப்பிக்கு லிமாவிலும் லுசாகாவிலும் வரிசை நிற்கிறது,
சில ஊர்களில் வரிசை மட்டும்.

ஊசி இறங்கும்போது கீலி
என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.
வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது,
"கோபம்" என்றாள்.

படிவத்தில் கடைசிக் கேள்வி.
நூறு வருஷமாய் வாசகம் மாறியிருக்கிறது, கேள்வி அதேதான்.
தரையைப் பார்ப்பாள், வேறு ஊர் சொல்வாள் என்று
விரலைக் காத்துவைத்திருந்தேன்.
"இங்கேதான்" என்றாள்.
"ஹெஸல் ரோட்டில், சிப்ஸ் கடைக்கு மேல்மாடி."

தட்டினேன்:
ஹல்.

வாசல்வரை கூடப் போனேன்.
மழை விட்டிருந்தது.
தூவானத்துக்குக் கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்கு
என்று மறுபடி கேட்டாள்.