மைனஸ் பதினெட்டு

மணாலி போகிறோம் என்றதும்
"அங்க எண்ணெய்க் கம்பெனி நாத்தம் அடிக்குமே" என்றார்
கீழ்வீட்டுக்காரர்.
அது சென்னை மணலி, இது துணைக்கால் போட்டது என்றேன்.
அந்த ஒற்றைத் துணைக்காலின் தூரம்
மூன்று ராத்திரி ரயில்,
ஒரு ராத்திரி பஸ்.

சோலைமலைக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை.
ஆஸ்பத்திரி, லாட்ஜ், ஆறு மாடி ஜவுளிக்கடை,
மதுரையின் உயரத்தையெல்லாம்
பத்தொன்பது வருஷமாக உள்ளேயிருந்தே பார்த்தவர்.
நாலு பக்கமும் சுவர்,
நெற்றியில் டார்ச், கிரீஸ் பூசிய கம்பி.
"ஒரு தடவையாவது சுவர் இல்லாத உயரம்" என்று
போன ஆடியில், சாப்பிட்ட கையோடு சொன்னார்.
கை காயும்வரை
வேறொன்றும் சொல்லவில்லை.

பகலில் அரிசி மண்டிக் கணக்கு, ராத்திரியில் இது.
பாராகிளைடிங் தலைக்கு மூவாயிரத்து ஐநூறு,
வீடியோவுக்குத் தனி.
ரப்பர் படகு: மே கடைசியில் ஆறு முரடாம்.
நம் வைகைமேல் அப்படி ஒரு புகார் கிடையாது.
பனிச்சறுக்கு: பனி மிச்சமிருந்தால்.
ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் இருபத்துமூன்று, இருபத்துநாலு.
பறக்க எடை வரம்பு தொண்ணூறு கிலோ,
சோலைமலை தொண்ணூற்று நாலு.
ஆறு வாரமாகப் பரோட்டா இல்லை.
கொத்துச் சத்தம் கேட்காத தெருவாகப் பார்த்துச்
சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

ஒரு ஞாயிறு, பழக்கத்துக்காக, யானைமலை ஏறினோம்.
ஒன்பது மணிக்கே பாறைச் சூடு
ஷூவைத் தாண்டியது.
மேலே போனதும் அவர் விளிம்புக்கு வரவில்லை.
நடுப்பாறையில் உட்கார்ந்து
ஷூக் கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், கட்டினார்.
நான் கீழே போகும் லாரிகளை
எண்ணுவதுபோல் நின்றேன்.
எண்ணவும் செய்தேன். நாற்பத்தொன்று.

ஜாக்கெட் விளக்குத்தூண் பக்கம் வாங்கியது.
வேர்த்து ஒழுகிக்கொண்டே
"குளிருக்கு நான் கேரண்டி" என்றார் கடைக்காரர்.
சோதித்துப் பார்க்கப் பரவைக்குப் போனோம்.
குளிர்பதனக் கிடங்கில் அபுதாகிர் சூப்பர்வைசர்.
நின்றுபோன சரக்கு லிஃப்டை ஒரு நடுராத்திரியில்
சோலைமலை ஓடவைத்த பழக்கம்.
"பட்டாணி ரூம் மைனஸ் பதினெட்டு.
பத்து நிமிஷம். அதுக்கு மேல விடமாட்டேன்."

கதவு மூடியது.
மூட்டை மூட்டையாகப் பச்சைப் பட்டாணி,
கூழாங்கல்போல இறுகி.
பீடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆனவர்
வாயிலிருந்து புகை விட்டுப் பார்த்தார்.
பிடித்துப்போய் இன்னொரு தடவை விட்டார்.
விரல்நுனி முதலில் போனது,
பிறகு மூக்கு.
"பயமாத்தான் இருக்கு" என்றார்,
"கம்பின்னா தொட்டே சொல்லிருவேன், தாங்குமா தாங்காதான்னு.
இது துணி."
வேண்டாம்னா விட்டுடலாம் என்றேன்.
"வேண்டாம்னு யார் சொன்னா?"

அன்றைக்கு ராத்திரி படிவம்.
ரத்த வகை. ஆஸ்துமா உண்டா.
அவசரத்துக்கு அழைக்க ஒருவர்,
உடன் பயணிக்காதவராக இருக்கட்டும்.

இருபத்திரண்டு வருஷமாக
எல்லாப் படிவத்திலும் அவருக்கு நான், எனக்கு அவர்.
பேங்க், கேஸ், குடல்வால் ஆபரேஷன்.
அண்ணன் நம்பர் போனில் இருக்கிறது,
பாகம் பிரித்த பிறகு அழுத்தியதில்லை.
கீழ்வீட்டுக்காரர்
மணலியில் போய்த் தேடுவார்.

அபுதாகிர் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: உறவு. கட்டாயம் நிரப்பவும்.
"கதவுக்கு வெளிய நின்னவர்னு
போட முடியுமா?" என்றார் சோலைமலை.
இடம் போதவில்லை.
தம்பி என்று போட்டோம்.

காலையில் போனில் சொன்னபோது
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
பிறகு,
"ரூமுக்குள்ள டவர் கிடைக்காதேக்கா.
அந்தப் பத்து நாளைக்குப் பட்டாணிக்கு
வேற ஆளைப் போட்டுர்றேன்."