விடுமுறை: வெள்ளிக்கிழமை

எங்கள் மைதானத்துக்குக் கோடு கிடையாது.
மேற்கே கருவேல முள்,
கிழக்கே அருங்காட்சியகத்தின் மதில்.
முள்ளில் விழுந்தால் பந்துக்குப் பஞ்சர்.
மதில் தாண்டினால் ஐந்து ரூபாய்.

யார் தருவது என்பதற்குச் சட்டம் உண்டு:
அடித்தவன்.
நான் லெஃப்ட் பேக்.
வலது காலில் மட்டும் உயிருள்ள லெஃப்ட் பேக்.
ஆகவே இந்த வருஷம்
நாகப்பட்டினத்தில் அதிகம் தடவை
அருங்காட்சியகம் பார்த்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"பந்தெடுக்க வந்தாலும் பார்வையாளர்தான்"
என்று டிக்கெட்டைக் கிழிப்பார் செண்பகவல்லி அக்கா.
ரிஸ்வானாக இருந்தால் காசை வைத்துவிட்டு
நேரே கொல்லைப்பக்கம் ஓடிப்
பந்தை வீசிவிட்டு வந்துவிடுவான்.
எனக்கு அது முடிவதில்லை.
காலையில் தண்ணீர் கேன் போடுகிறேன்,
மாடி ஏற்றினால் கேனுக்கு ஐந்து ரூபாய்.
கொடுத்த காசுக்கு எதையாவது
பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.
மதிலுக்கு அந்தப்பக்கம்
பத்துப் பேர் என் அம்மாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்படித் தவணையில் பார்த்ததுதான் எல்லாம்.
திமிங்கலத்தின் ஒற்றை விலா,
அடியில் யாரோ ஒட்டிய பபிள்கம்.
தேய்ந்து தேய்ந்து புலி பூனையான செப்புக்காசு.
ஒரு தாழி: எங்கள் கோல்கீப்பர் ஜெனிட்டன்
முழங்காலைக் கட்டிக்கொண்டால் உள்ளே அடங்குவான்.
(சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.
அது எதற்கான தாழி என்று
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.)
திருப்பூண்டிக்காரர்களோடு ஆடிய அன்று மூன்று தடவை.
"சீசன் டிக்கெட்டெல்லாம் கிடையாது தம்பி."

அந்த மூன்றாவது தடவைதான்
தலையில்லாத அந்தக் கல்லைக் கவனித்தேன்.
கையும் இல்லை. பெயர்ப்பலகையும் இல்லை.
ஆனால் நிற்கிறது பாருங்கள்,
எடை முழுக்க இடது காலில்,
வலது கால் சும்மா, எதற்கோ தயாராக.
சுற்றிலும் யாருமில்லை.
நானும் அப்படி நின்று பார்த்தேன்.
காலை மாற்றி நின்றேன்.
கெண்டைச்சதை நடுங்கியது.
அதன் பிறகு தினமும், பேருந்துக்குக் காத்திருக்கும்போது,
பாலிடெக்னிக்கில் அரியர் கட்டணம் கட்டும் வரிசையில்,
மாடிப்படியில் கேனோடு மூச்சு வாங்கும் இடத்தில்
இடது காலை உதைத்துப் பழக்கினேன்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு வந்து சேர்ந்த வாரம்
காரைக்கால் அணி வந்தது.
கபிலேஷை அவன் அப்பா நடவுக்கு இழுத்துக்கொண்டு போக,
நாங்கள் பத்துப் பேர்.
வாய்க்கால் வழிந்து ஒரு மூலை சேறு.
ஒன்றுக்கு ஒன்று. கடைசிப் பத்து நிமிடம்.
சேற்றிலிருந்து எழும்பி
என் இடது காலுக்கு வந்தது பந்து.

அடித்தேன்.
அவ்வளவு சுத்தமாக
என் வாழ்நாளில் எதையும் அடித்ததில்லை.
மன்சூர் வாயைத் திறந்தபடி நின்றான்.
காரைக்கால்காரன் ஒருவன் கைகூடத் தட்டினான்.
கடற்காற்று அதை ஏந்திக்கொண்டு போய்
மதிலுக்கு அப்பால்
மெதுவாக இறக்கிவைத்தது.

வெள்ளிக்கிழமை. பூட்டு.
இன்னொரு பந்து பஞ்சர் கடையில்.
மதில் மேல் கண்ணாடிச் சில்லு.
ஆறே காலுக்கு அவர்கள் வேன் கிளம்பிவிட்டது.
"இடது காலால வேற அடிச்சிருக்கான்"
என்றான் ரிஸ்வான்,
பாராட்டா வசவா தெரியவில்லை.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு நான்தான் முதல் ஆள்.
அக்கா வழக்கம்போல் கிழித்தார்.
கொல்லையில் பீரங்கிக் குண்டுகள்
வட்டமாக அடுக்கியிருக்கும் மேடையில்,
நடுவில் இருந்தது பந்து,
காய்ந்த சேறோடு, கொஞ்சம் காற்றிறங்கி.
தோட்டக்காரர் எடுத்து வைத்திருப்பார்.
பலகையில் எழுதியிருந்தது:
இரும்பு. காலம் தெரியவில்லை.
தொடாதீர்கள்.

மதிலுக்கு அப்பால் ஜெனிட்டன்
என் பெயரைச் சொல்லிக் கத்துகிறான்.
இருடா,
ஐந்து ரூபாய் கொடுத்திருக்கிறேன்.