படிவத்தில் இரண்டே கட்டம்

செயலாளர் லிங்கன் நீட்டிய தாளில் இரண்டே கட்டம்.
பழுது பார்க்கலாம். புதிது வாங்கலாம்.
"ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடும்மா,
மூன்று மணிக்குக் கமிட்டி."

கட்டபெட்டு தேயிலை ஆலை, எடைக் கூடம்.
தகரத்தில் கார்த்திகை மழை.
மேசைக்கடியில் ஈரக் கோணிமேல்
கர்கர்ரென்று மூச்சிழுத்தபடி
உட்கார்ந்திருந்தது பெட்டி.

ஹார்ட் டிஸ்க் பக்கம் காதை வைத்தேன்.
டிக். டிக்.
இந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தவர்கள்
பிறகு கண் கலங்கி என் கடைக்கு வருவார்கள்.
முதலில் கணக்கை எடுத்தேன்:
பதினோரு வருஷ இலை,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
கிலோ, கழிவு, முன்பணம்,
எல்லாம் கட்டைவிரலளவு பென் டிரைவில்.
எடுத்து முடிக்கும்வரை
கொண்டு வந்த டீயைத் தொடவில்லை.

அப்புறம்தான் நான்கு திருகு.
மூடி கழன்றதும்
ஆலைக்குள் போனால் சட்டையில் ஏறுமே, அந்த வாசனை.
விசிறி இதழெல்லாம் தேயிலைப் பஞ்சு,
வழித்தால் ஒரு டம்ளர் தேறும்.
பவர் சப்ளை மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு.
குஞ்சுகள் பொரிந்து போய்விட்டன.
சூடு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மதர்போர்டில் வெள்ளையாய்ப் பூஞ்சை.
இரண்டு கெபாசிட்டர் மண்டை உப்பல், லேசாய்.
லேசாய் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

"காலையில் போட்டால் என்ன செய்யும்?"
"நாள் கேட்கும்" என்றார் எழுத்தர் ஹாலன்.
"தினமும் அதற்கு
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
நான்தான் இன்றைக்கு இன்ன தேதி என்று சொல்லணும்.
ஒருநாள் மறந்துட்டேன்.
பெள்ளி கவுடர் தோட்டத்து இலை
அவர் தோட்டம் வாங்குமுன்னே வந்து சேர்ந்துடுச்சு."
முப்பது ரூபாய் பட்டன் பேட்டரி ஐயா அது.
ஆறு வருஷமாய் ஒருவரும் சொல்லவில்லையா?

புதிது முப்பத்தெட்டாயிரம்.
வாங்கிக் கொடுத்தால் எனக்கு இரண்டாயிரம் நிற்கும்.
பழுது பார்த்தால் கூலி ஐந்நூறு,
கோத்தகிரிக்குத் திரும்பும் பஸ் செலவு என்னுடையது.
இதையும் வைத்துத்தான் யோசித்தேன்,
மறைக்க என்ன இருக்கிறது.

சுவரில் சாக்பீஸில் அன்றைய விலை:
பச்சை இலை கிலோ பத்தொன்பது.
அப்படியென்றால் புதிய பெட்டி இரண்டாயிரம் கிலோ.
வாசலில் ஒரு பெண் மூட்டையை இறக்கினாள்.
இருபத்து மூன்று என்றது தராசு.
ஈரத்துக்கு இரண்டு கழித்தார்கள்.
அவள் மழையைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்னொன்றும் உண்டு.
புதிய பெட்டிகளின் முதுகில்
தராசு ஒயரைச் சொருகும் ஒன்பது ஊசித் துளை கிடையாது.
மாற்று ஒயர் விற்கிறார்கள்,
சில நாள் எடை சொல்லும், சில நாள் வாய் திறக்காது.
அந்தச் சில நாளில்
மூட்டையோடு வரிசையில் நிற்பது கமிட்டி இல்லை.

பேனாவை எடுத்துக்
கட்டங்களுக்குக் கீழே எழுதினேன்:
எஸ்எஸ்டி ஒன்று. ராம் நான்கு ஜிபி. பட்டன் பேட்டரி.
ஆக மொத்தம் மூவாயிரத்து நூறு, கூலி உட்பட.
பெட்டியை மேசைமேல் வையுங்கள், கோணியை எரியுங்கள்.
இரண்டு வருஷம் ஓடும், ஓடாமலும் போகலாம்.
மாதம் ஆயிரத்தைந்நூறு இப்போதே ஒதுக்குங்கள்.
கெபாசிட்டர் முழுசாய் உப்பிவிட்டால்
என்னைக் கூப்பிட வேண்டாம்,
நேரே புதிது வாங்கப் போங்கள்.

லிங்கன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எந்தக் கட்டம்மா இது?"
"நடுவில் ஒரு கோடு இருக்கில்லையா?"

கமிட்டியில் ஒருவர் மட்டும்
மகன் கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கிறான்,
பாதி விலைக்குத் தருவான் என்றாராம்.
யாரும் பதில் சொல்லவில்லையாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன். ஹாலன்.
வயிற்றில் புளி கரைத்தது எனக்கு.
"என்னாச்சு, போடவில்லையா?"
"போட்டேன். நேரா உள்ளே போயிடுச்சு.
நாள் கேட்கலை."
பின்னால் ரோலர் ஓடும் சத்தம்.
லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
"இருந்தாலும்
உள்ளே போய்த் தேதியைப் பார்த்துட்டேன்" என்றார்.
"சரியாத்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை."