விலை நேரில்

எஸ்.பி. ரோட்டில் மழை விட்ட பதினொரு மணி.
மூன்று வருடம் உழைத்த என் கிராபிக்ஸ் கார்டு
வியாழன் இரவு
ஒரு நீச்சல்குளத்தின் பாதியில் செத்துப்போனது.
தண்ணீர் வந்துவிட்டது, வானம் வரவில்லை.
திங்கட்கிழமை வானம் வேண்டும் என்கிறார் பில்டர்.

புக்ராஜ் சேட் கால்குலேட்டரைத் தொடவில்லை.
இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
வெளியிட்ட அன்று சொன்ன விலை வேறாயிற்றே என்றேன்.
"அது மேடையில சொன்னது மேடம்.
இது ரோடு."

அடுத்த கடையிலும் இரண்டு எண்பத்தாறு.
அதற்கடுத்த கடையில்
ஏணிமேல் நின்ற பையன் இறங்காமலே சொன்னான்
இரண்டு எண்பத்தாறு.
மார்க்கெட்டில் தேங்காய்க்குக்கூட
தெரு திரும்பினால் இரண்டு ரூபாய் குறையும்.
இங்கே பத்தொன்பது கடை, ஒரே வாய்.

ஒரு கடையில் மட்டும் ஆயிரம் குறைவு.
கூடவே ஒரு கேபினெட்டும்
வானவில்லாய் எரிகிற நாலு விசிறியும் எடுக்கணுமாம்.
மாடு பிடிக்க வந்தவள் தலையில்
கொட்டகையையும் சேர்த்துக் கட்டுகிற வியாபாரம்.

"சிவப்புப் பெட்டி எடுங்க மேடம், பாதி ரேட்டு"
என்றான் அங்கிருந்த மல்லேஷ்.
எடுப்பேன்.
என் மென்பொருளுக்குப்
பச்சைப் பெட்டியின் பாஷை மட்டுமே தெரியும்.
ஏழு வருடமாக நான் சேர்த்த வெயில்,
மார்பிள், மரம், திரைச்சீலை
எல்லாம் அந்தப் பாஷையில்.
வீட்டை மாற்றலாம். நாக்கை?

போட்டி இருக்கிறது என்கிறார்கள்.
இருக்கிறதே, கீழ்ப்படிகளில்,
இருபதாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும்
சட்டை கிழிகிற போட்டி.
மேல்படியில் ஒருவன் தனியாகக் கால் நீட்டியிருக்கிறான்.
ஏறி வந்தவர்கள்
பாதியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறார்கள்.

மறுபடி புக்ராஜ் கடை.
சண்டைக்குத்தான் போனேன். அவர் டீ சொன்னார்.
"மாசம் மூணு பீஸ் வருது எனக்கு.
மூணோட அம்பது கீபோர்டும் வருது.
வேண்டாம்னா அடுத்த மாசம் மூணும் இல்ல."
அண்ணாந்து பார்த்தேன்.
கூரைவரை கீபோர்டு, பிளாஸ்டிக் பிரிக்காமல்.
அவர் தலையிலும் கொட்டகை.

புகார் கொடுக்க ஆணையம் இருக்கிறது, தெரியும்.
எதை எழுதுவேன்?
கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள் என்றா?
யாரும் யாரோடும் பேசவில்லை.
ஒரே கோடவுனிலிருந்து வருகிற பெட்டிகள்
தாங்களே பேசிக்கொள்கின்றன.

டீ டம்ளரை வாங்கிக்கொண்டு சேட் சொன்னார்:
"மேல மாடி. ஜபீனா."

குடையகலத்துக்கு ஓர் அறை. மைக்ராஸ்கோப்.
ஜபீனா என் கார்டைத் திறந்து
"பாருங்க" என்று நகர்ந்தாள்.
கருகிய ஒரு துணுக்கு,
எள்ளைவிடச் சிறியது.
வேலை முடிந்ததும் துண்டுச்சீட்டில் எழுதினாள்.
துணுக்கு அறுநூறு. பேஸ்ட் இருநூறு.
என் கை, மூணாயிரத்து நானூறு.
மொத்தம் நாலாயிரத்து இருநூறு.
எது எதற்கு எவ்வளவு என்று
அன்று எனக்குச் சொன்ன ஒரே ஆள்.
"ஒரு மாசம் தாங்கும்" என்றாள்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு இரண்டரை.
விசிறி கிழட்டு நாயாய் உறுமுகிறது.
நீச்சல்குளத்துக்கு மேல் புள்ளி புள்ளியாக வானம்.
பதினெட்டாவது மாடி பால்கனியில்
நான் வைத்த செம்பருத்திக்குக்கூட நிழல் விழுந்துவிட்டது.

போனில் பில்டரின் செய்தி.
பிரமாதம்.
கீழே விலை மட்டும் போடாதீங்க,
'விலை நேரில்'னு போடுங்க.

போட்டேன்.
எழுத்து கொஞ்சம் பெரிதாக வேண்டுமாம்.
அதையும் செய்தேன்.