கதவோரப் பெட்டி

எங்கள் ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி.
முன்பு அதில் மெழுகுவத்தி வந்தது.
இப்போது பதினொரு லேசோக்கள்,
இடுப்பில் சுற்றும் அகலத் துணிகள்.
ஒவ்வொன்றின் கரையிலும் சுவாஹிலியில் ஒரு வாசகம்.
யாரும் வாசிப்பதில்லை;
முழங்காலை மறைக்கிறதா, போதும்.
சனிக்கிழமை துவைப்பவள் நான்.
ஞாயிறு கதவருகே நின்று கொடுப்பவளும் நான்,
ஸ்கொலாஸ்டிகா, பெண்கள் சங்கத்துச் செயலாளர்,
இருபத்திரண்டு ஆண்டாக.

இட்டென் ஓடுகிறவர்களின் ஊர்.
கெரியோ பள்ளத்தாக்கு பனிக்குள் கிடக்கும்போதே
செம்மண் சாலையில் காலடிகள்,
தகரக் கூரையில் மழை இறங்குவது மாதிரி.

அன்று பூசை தொடங்கிவிட்டது.
பெர்பெத்துவா ஜெபிவோட் வந்தாள்,
முப்பத்தைந்து கிலோமீட்டரை முடித்த கையோடு,
இல்லை, முடித்த காலோடு.
தொடை ஒட்டிய கறுப்புக் காற்சட்டை,
கணுக்காலில் செம்புழுதி, உதட்டில் உப்பு.
பெட்டிக்குள் கைவிட்டேன், கிடைத்ததை எடுத்தேன்,
அவள் இடுப்பில் நானே சுற்றி நானே முடிந்தேன்.
பின்வரிசைக்கும் தெரியும்படி
இழுத்து முடிந்தேன்.
நற்கருணைக்கு அவள் எழுந்து வரவில்லை.
கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.
கூச்சம் நல்லதுதானே என்றும்.

மூன்று வாரம் அவளைக் காணோம். லேசோவையும்.
கணக்கில் எழுதினேன்: பத்து.

பிறகு கிப்ரோனோவின் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில்
ஏதோ ஒரு குளிர்நாட்டு மைதானம்.
கோட்டில் நின்ற பெண்கள் எல்லாரும்
கம்பெனி தந்த உள்ளங்கை அகலத் துணியில்.
இவள் மட்டும் முழங்காலுக்குச் சற்று மேல்வரை
சாதாரணக் காற்சட்டை.
ஆறாவதாக வந்தாள்.
அந்தத் துணிதான் வேகத்தைத் தின்றது என்றான் ஒருவன்.
கம்பெனி பணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றான் இன்னொருவன்.
நான் தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தேன்:
என் முடிச்சு அங்கேவரை போயிருக்கிறது!
சங்கத்தில் சொன்னேன். கை தட்டினார்கள்.

தவக்காலத்து வெள்ளி. சிலுவைப்பாதை.
பத்தாம் நிலை: ஆடைகளை உரிகிறார்கள்.
முழந்தாளிட்டுத் தலை தூக்கினால்
எதிர்த் தூணருகே அவள்.
மஞ்சளில் நீலப் பூப்போட்ட பாவாடை, கணுக்கால்வரை.
தன் துணி. தன் முடிச்சு.

வெளியே வந்ததும் பெருமையோடு கை நீட்டினேன்.
"உங்களுக்காக இல்லை, அம்மா" என்றாள்,
கோபமாகக்கூட இல்லை,
மணி கேட்டவருக்கு மணி சொல்வது போல.
"கம்பெனியிலிருந்து பொட்டலம் வந்தது.
என்னை எதுவரை காட்டலாம் என்று
அவர்களே அளந்து தைத்திருந்தார்கள்.
என்னைக் கேட்கவில்லை.
நீங்களும் கேட்கவில்லை."

இரவு தூக்கமில்லை.
அவள் பெயருக்குரிய புனிதையை நினைத்தேன்.
அரங்கில் மாடு முட்டி எறிந்தபோதும்
கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடினாள் என்று
எத்தனை பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் சொல்லியிருப்பேன்!
துணியைத்தான் சொன்னேன்.
இழுத்த கையைச் சொன்னதேயில்லை.
பத்தாம் நிலையிலும் கைகள்தானே,
பிறர் கைகள்.

இதனால் மாறிவிட்டேன் என்றால் பொய்.
உடம்பு சந்தைச் சரக்கில்லை,
திருமுழுக்குத் தண்ணீர் பட்ட இடம்,
அதற்கொரு திரை வேண்டும் என்றே இன்னும் நம்புகிறேன்.
குட்டைப் பாவாடை படியேறினால்
என் கண் முதலில் போவது முழங்காலுக்குத்தான்.
பெட்டியை மட்டும் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்,
மூடி இல்லாமல்.
எடுப்பவர் எடுக்கட்டும்.
நான் பாட்டுப் புத்தகம் கொடுக்கப் போய்விட்டேன்.

போன சனி எண்ணினால் பதினொன்று.
துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாய் மடித்து,
கரை வெளியே தெரிய வைத்திருந்தாள்.
முதன்முறையாக வாசித்தேன்:
"உன் கண்ணுக்கு நீயே காவல்."
இதையா அன்று ஆலயம் முழுக்கப் பார்க்க
அவள் இடுப்பில் கட்டினேன்?

ஓரத்தில் செம்புழுதிக் கறை இன்னும் இருக்கிறது.
நானும் ஒருமுறை அலசிப் பார்த்தேன்.
போகவில்லை.
அப்படியே உலர்த்திவிட்டேன்.