ஐம்பத்து நான்கு லிட்டர்

எங்கள் ஒஸ்த்ராவாவில் குழாய்நீர் மென்னீர்.
மலையணையிலிருந்து வருகிறது.
சோப்பு தொட்டதும் நுரைக்கும்,
கெண்டிக்குள் வெள்ளை படியாது.
இதையெல்லாம் மீன் வாங்கப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்,
நாற்பத்தாறு வருடம் இதையே குடித்துவிட்டு.

கடைக்காரி யார்மிலா
நான் கொண்டுபோன பாட்டிலில் ஒரு தாளை நனைத்துப் பார்த்தாள்.
"கப்பி வேண்டாம். இந்த நீரில் வாடிப்போகும்.
நியான் டெட்ரா எட்டு,
அடிமணலுக்குக் குட்டிக் கொரிடோராஸ் ஆறு.
குறைத்துக் கேட்காதே. தனியாய் விட்டால்
மூலையில் ஒட்டிக்கொண்டு சாப்பிடாது."
பணத்தை எடுத்தேன்.
"இன்றைக்கா? இன்றைக்குத் தரமாட்டேன்.
முதலில் தண்ணீரைப் பழக்கிவிட்டு வா."

காலணி அலமாரி தாங்குமா என்று
ராதிமை ஏறி உட்காரச் சொன்னேன்.
நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால்
ஏறக்குறைய அவன் எடைதான்.
கால் ஆட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.
அலமாரி முனகவில்லை. அவன்தான் பசிக்கிறதென்றான்.

ராதிம் என் தம்பி.
குளிர்சாதன லாரி ஓட்டியவன்;
லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.
மூன்று நாள் என்று சொல்லி வந்தான்.
அது பிப்ரவரியில்.

கறுப்பு மணலை ஏழு முறை அலசினோம்.
வடிகட்டி கொர்ரென்றது, பிறகு அடங்கியது.
வெப்பமானியில் இருபத்து நான்கு.
விளக்கு எரிந்தது. உள்ளே யாருமில்லை.
யாருமில்லாத நீருக்கு
தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டோம்.
அது அழுக வேண்டும்,
அழுகியதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாதவை பிறக்க வேண்டும்,
அவை கழித்ததைத் தின்ன இன்னொரு வகை.
மேல்வீட்டு போஹுமிலா சர்க்கரை கேட்டு வந்தவள்
காலித் தொட்டியையும் என் விரல்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
சர்க்கரையை வாங்க மறந்து போனாள்.

எனக்கு இரவு டிராம்.
பொருபாவிலிருந்து உறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு
நகரைக் கடந்து திரும்புவேன்.
விடிகாலை வீடு வந்தால் நாட்காட்டியில்
ராதிமின் கோணல் எழுத்து:
அமோனியா, கரும்பச்சை.
அமோனியா, பச்சை. நைட்ரைட், ஊதா.
ஊதா.
ஊதா. பால் தீர்ந்தது.

நாலாம் வாரம் கண்ணாடியில் ஒரு புள்ளி நகர்ந்தது.
செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தை.
இரண்டு மாதமாக யாரோடு யார் ஒத்துப்போவார் என்று
பட்டியல் எழுதி அடித்து எழுதிய எங்களை
ஒரு வார்த்தை கேட்காமல்
நடு வீட்டில் நடந்துகொண்டிருந்தது.
எடுத்து எறிய நான் கரண்டி கொண்டுவந்தேன்.
"இருக்கட்டுமே" என்றான் ராதிம்,
என்னைப் பார்க்காமல்.

அன்றிரவே ஒரு சண்டை.
அவனுக்குச் சிவப்புச் சண்டைமீன் ஒன்று வேண்டும்.
"ஒன்றே ஒன்று. அழகாய் இருக்கும்."
"பக்கத்து வாலைக் கடிக்கும்."
"எல்லாம் கடிக்காது."
"இந்த அளவுத் தொட்டியில் கடித்தால்
கடிபட்டது எங்கே போய் ஒளியும்?"
அவன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான்:
ஒரு மேசை, ஒரு பெஞ்சு, அதன்மேல் மடித்த அவன் போர்வை.
பதில் சொல்லவில்லை.
மறுநாள் நாட்காட்டி வெறுமையாக இருந்தது.
அதற்கு மறுநாளும்.
நானே சொட்டுவிட்டுக் குலுக்கினேன்.
நிறம் எனக்குச் சரியாய்ப் பிடிபடவில்லை.

இன்று காலை வந்தபோது
மேசையில் இரண்டு சோதனைக் குழாய்கள் நின்றன.
ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று தெளிந்த நீலம்.
நாட்காட்டியில்:
அமோனியா இல்லை. நைட்ரைட் இல்லை.
கார்வினாவில் கிடங்கு வேலை. வெள்ளிக்கிழமை போகிறேன்.

அவன் விழித்துத்தான் கிடந்தான், சுவரைப் பார்த்து.
கோட்டைக் கழற்றாமல் சொன்னேன்:
"மீன் சனிக்கிழமைதான் வரும்.
பையை மிதக்கவிட்டு, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றி,
ஒரு மணி நேரம் ஒருவர் நிற்க வேண்டும்.
எனக்கு அன்றைக்குப் பகல் வண்டி."

போர்வைக்குள்ளிருந்து கேட்டான்,
"எத்தனை மணிக்கு?"