நிகர எடை

மொத்த எடையிலிருந்து
வெறும் லாரியின் எடையைக் கழித்தால்
குலையின் எடை.
இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த
ஒரே கணக்கு.

பீடோர் செம்பனை ஆலையில்
எடைமேடைச் சன்னல் என்னுடையது.
இன்று கண்ணாடியின் உள்பக்கம்
ஒரு மலை ஒட்டியிருக்கிறது.
பயண நிறுவனத்துத் திருமதி தியோ தந்த தாள்:
கொரியா, பனிச்சறுக்கு விடுதி,
ஐந்து பகல் நான்கு இரவு,
ஆளுக்கு ஐயாயிரத்து எண்ணூறு வெள்ளி.
முன்பணம் வெள்ளிக்கிழமைக்குள்.

லாரி வராத இடைவெளியில்
அந்த மலையை மேடையில் ஏற்றுகிறேன்.

சனவரியில் குலை குறைவு.
லீவு கேட்டால் துவான் ஹம்சா முகம் சுளிக்கமாட்டார்.
கூட்டுறவுச் சங்கம் பாதிப் பணம் கடன் தரும்.
ஈப்போ பண்டல் கடையில்
குளிர்ச்சட்டை பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது.
கடவுச்சீட்டில் ஹாட்யாய் முத்திரை இரண்டு,
மற்ற பக்கமெல்லாம் வெள்ளை.
விடுதியில் வெந்நீர்க் குளம் உண்டாம்,
தலையில் பனி கொட்டக் கொட்ட
கழுத்துவரை கிடக்கலாமாம்.
வியர்க்காது.
இதை மட்டும் தனி வரியில் எழுதி
அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஆனால்
அங்கே ஒரு கிண்ணம் மீ ஐம்பது வெள்ளி.
காலணி வாடகை, மட்டை வாடகை, கண்ணாடி வாடகை,
ஒழுங்காக விழக் கற்றுத்தர
மணிக்கு இவ்வளவு என்று ஒரு வாத்தியார்.
தொங்கு நாற்காலிக்கு முக்கால் மணி வரிசை.
வரிசை பார்க்க ஆறரை மணி நேரம் பறப்பானேன்,
இங்கேயே பதினான்கு லாரி நிற்கிறதே.
குளிர்தான் வேண்டுமென்றால்
தாப்பாவில் திரும்பி மலை ஏறினால் போதும்,
கேமரனில் தொண்ணூறு வெள்ளிக்கு அறை,
போர்வை இரண்டு.

சற்குணத்தின் கால் வேறு கணக்கு.
போன வருடம் சர்க்கரை அவர் சுண்டுவிரலைக் கொண்டுபோனது.
மிச்சம் ஒன்பதுக்கும்
சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.
"பனி என் காலுக்கு வீண் செலவு" என்கிறார்.
"நீ போய்ட்டு வா, மோகனா.
நான் ஐஸ்பெட்டியைத் திறந்துவச்சு
முன்னால நாற்காலி போட்டுக்கிறேன்."
சிரித்தேன்.
சிரிப்பு அடங்கிய பிறகுதான்
அவர் விளையாடவில்லை என்று தெரிந்தது.

சில டிரைவர்கள் குலையை நனைத்துக் கொண்டுவருவார்கள்.
ஈரம் எடை சேர்க்கும்.
தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன்
எவ்வளவு குலை, எவ்வளவு தண்ணீர் என்று.
இந்தத் தாளையும் தடவிப் பார்த்தேன்.
பெரும்பாலும் தண்ணீர்,
வெள்ளையாக நடிக்கிற தண்ணீர்.
கழித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது

ஆய்வுக்கூட ரொஹானி உள்ளே வந்தாள்.
இரண்டு வருடம் முன்னே அதே மலைக்குப் போனவள்.
எப்படி இருந்தது என்றேன்.
குறையாகவே அடுக்கினாள்.
அறை சின்னது, உதடு வெடித்தது,
ஏழு முறை விழுந்தாள், முட்டி வீங்கியது.
"எட்டாவது முறை?"
பதில் சொல்லாமல் வெளியே பார்த்தாள்.
"இங்கிருந்து அந்தப் புகைபோக்கி தூரம் இருக்கும், கக்.
விழவில்லை.
யார் தள்ளினார்கள் என்றே தெரியவில்லை."
பிறகு எண்ணெய் மாதிரிப் புட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசி லாரியும் போனபின்
பெட்டியில் சுழி.
வெளியே வந்து மேடை நடுவில் நின்றேன்.
சன்னல் வழியே எண் தெரிந்தது: அறுபது.
இந்த எந்திரத்துக்கு
இருபது இருபதாகத்தான் எண்ண வரும்.
என் எடை ஐம்பத்து நான்கு.
அந்த ஆறு கிலோவைக் கழிக்க
மனம் வரவில்லை.

படிவத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் காலணி அளவு.
செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன்.
எண் தேய்ந்து போயிருந்தது.